பப்லுவுக்கு ஸ்கேன் எடுத்தோம், பாஸ்கர்

என் தங்கத் தம்பி பாஸ்கருக்கு,

உட்கார்ந்து எழுத முடியவில்லையடா. சமையல் மேடையில் தாளை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதுகிறேன். இன்று பப்லுவுக்கு இரண்டாவது ஸ்கேன். சேலையூரிலிருந்து ஆட்டோவில் இப்போதுதான் வந்து இறங்கினோம். அம்மா முகம் கழுவப் போயிருக்கிறாள். பப்லு ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான். வயிற்றில் முடி மழித்த இடம் ரோஜா நிறத்தில் தெரிகிறது.

நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று கேட்காதே. அது தெரிந்திருந்தால் நான் ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பேன். முதலிலிருந்து சொல்கிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பவும் சொன்னால் பொறுத்துக்கொள்.

என் கிட்னி ஒன்றை உனக்கு வைத்து, அது ஒத்துக்கொண்டுவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு நீ கொண்டுவந்த வெள்ளைப் பொமரேனியன் இவன். நாய், பூனை எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாற்றி வைத்த கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறோம், சின்னக் கிருமியும் உனக்குப் பெரிது என்று படித்துப் படித்துச் சொன்னார். நீ கேட்டாயா? குரோம்பேட்டைக் கடையில், செல்போன் ரிப்பேர் மேஜைக்குக் கீழே, அட்டைப்பெட்டிக்குள் இவனை வைத்து வளர்த்துவிட்டு, பெட்டிக்குள் அடங்காத அளவு வளர்ந்த பிறகுதான் எங்களுக்குக் காட்டினாய்.

நுரையீரலில் கிருமி என்று உன்னைச் சேர்த்த அன்றே அம்மா முடிவு செய்துவிட்டாள். "இந்த நாயாலதான்" என்றாள். பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இது நாயிடமிருந்து வருகிற கிருமி இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. நீ போன பிறகு அவளும் பப்லுவும் அஸ்தினாபுரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் அவனைத் தொட்டதே இல்லை. சோறு வைப்பாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலால் தள்ளிவிடுவாள்.

போன வருடம் மழை ஓய்ந்த பிறகு இவன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். அப்படி ஒரு குடி. கிண்ணம் போதாமல் சின்ன வாளி வைத்தேன், அதுவும் காலியானது. குடித்த வேகத்தில் ஹாலெல்லாம் ஈரம். "இன்னாடி இது, நாயா தண்ணித் தொட்டியா? குடிச்சிகினே கீது, வுட்டுகினே கீது" என்று அம்மா துடைப்பத்தோடு நின்றாள். பசியும் அப்படித்தான். பிஸ்கட்டைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் தின்பான் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, அவன் இட்லி மாவுச் சட்டியில் தலையை விட்டு, காதுவரை மாவோடு வந்து நின்றான்.

"வயசாயிடுச்சு அமுதா. எனக்குத் தொப்பை வரலையா?" என்றார் உன் மாமா. என் வீட்டுக்காரருக்கு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பதில் இருக்கும், உனக்குத் தெரியுமே.

மார்கழிக் குளிரிலும் அவனுக்கு இரைத்தது. நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஹாலிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து பின்பக்கத்துக்கு, அங்கிருந்து மறுபடி ஹாலுக்கு என்று நடந்துகொண்டே இருந்தான். படுத்த இடத்தில் ஒரு நிமிடம் இருக்கமாட்டான். அவன் நடக்க நடக்க எனக்கும் நிலைகொள்ளவில்லை. சானடோரியம் ஏரியாவில் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிச் சட்டைகளில் தையல் குறை பார்க்கிற வேலை என்னுடையது. குறை இருந்த சட்டையை நல்லது என்று தள்ளிவிட்டேன். "அமுதாக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்து மேஜைப் பெண் எடுத்துக் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். முடி நனைந்து ஒட்டியதும் அவன் உருவம் அப்படியே தெரிந்தது. பெரிய வயிறு, இரண்டு பக்கமும் பிதுங்கி. கால்கள் குச்சி. விலாவில் முடி கொட்டி, தோல் காகிதம்போல மெலிந்து உள்ளே நரம்பு தெரிந்தது. உண்ணி எடுத்த இடத்தில் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

நான் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ ஸ்டீராய்டு மாத்திரை போட்ட காலத்தில் உனக்கும் இதே வயிறு, இதே குச்சிக் கைகால். கையை யாராவது இறுக்கிப் பிடித்தால் ஊதாத் தடம் விழும். முகம் முழு வட்டமாகிவிட்டது. "அக்கா, கடைக்கு வர்றவங்கல்லாம் நல்லா தேறிட்டீங்க சார்னு சொல்றாங்க. எந்தக் கடை அரிசின்னு வேற கேக்கறாங்க" என்று சிரித்தாய். சிரித்துவிட்டு, கடையில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டாய்.

ஈரக்கையோடு ஓடி, அம்மா கூடவே கொண்டுவந்திருந்த உன் அலமாரியைத் திறந்தேன். உன் மிச்ச மாத்திரைகளை இவன் எப்படியாவது எடுத்துத் தின்றிருப்பானோ என்று பயம். எல்லாம் நான் கட்டி வைத்த பையிலேயே இருந்தன, முடிச்சுகூட அவிழவில்லை. பின்னே எப்படி?

சேலையூரில் ஹேமா என்று ஒரு கால்நடை டாக்டர் வந்திருக்கிறார். சின்ன வயசு, அவசரமில்லாத கை. பப்லுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "மேடம், இவனுக்கு யாராவது ஸ்டீராய்டு குடுக்கறாங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

"அப்போ இவன் உடம்பே அதை அதிகமா சுரக்குதுன்னு நெனைக்கிறேன். ஒவ்வொரு கிட்னிக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு சுரப்பி இருக்கு, அட்ரீனல்னு பேரு. மூளைக்குக் கீழ இருக்கிற இன்னொரு சுரப்பி அதை விரட்டி விரட்டி வேலை வாங்கும். விரட்டறது அளவு மீறிப்போனா இப்படித்தான் ஆகும்."

ஊசி போட்டு, போடுவதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் அவர் சொன்னபடியே வந்தது. அடக்குவதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிட்னிய ஒருதடவை பாத்துடலாம்."

"கிரியாட்டினின் நார்மல்னு போட்டிருக்கே டாக்டர்" என்றேன். கிட்னி திணறினால் ஏறுகிற அந்த ஒரு எண்ணைப் பார்த்தே நாம் இருவரும் எத்தனை வருடம் வாழ்ந்தோம், அதைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"இந்த வியாதியில அந்த நம்பர் நம்மள ஏமாத்தும் மேடம். ஸ்டீராய்டு அதிகமா இருக்கறப்போ கிட்னி வழியா நெறைய வடிகட்டித் தள்ளிகிட்டே இருக்கும். பாக்க நல்லா வேலை செய்யற மாதிரி தெரியும். நாம மருந்து குடுத்து அதைக் குறைச்சதும், உள்ள மறைஞ்சிருந்த கோளாறு வெளிய வரலாம். யூரின்ல புரோட்டீன் வேற போகுது. டாப்ளர் வெச்சு கிட்னிக்குள்ள ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாத்துட்டா, எவ்வளவு மருந்து தைரியமா குடுக்கலாம்னு ஒரு பிடி கிடைக்கும்." ரிப்போர்ட்டை மடித்தபடி, "நாய்ங்களுக்கு இதைப் பாக்கறதுல எனக்கும் அனுபவம் கம்மிதான். அதுக்காகப் பாக்காம மருந்து குடுக்க பயமா இருக்கு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று பப்லுவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோகூடப் பிடிக்கவில்லை. ராஜகீழ்ப்பாக்கம்வரை வெயிலில் நடந்தேன். அவனை இறக்கிவிட்டால் தேங்கியிருந்த ஒவ்வொரு தண்ணீரிலும் வாய் வைத்தான், தூக்கினால் என் தோளில் இரைத்தான். ஏன் ஓடிவந்தேன் பாஸ்கர்? ஒரு நாயின் வயிற்றில் ஸ்கேன் வைப்பதற்கு எனக்கு என்ன பயம்?

உன் மாமாவும் அதையேதான் கேட்டார். "உனக்குப் பயம் நாயப் பத்தியா, வேற எதாவது பத்தியா?" நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

நாட்கள் போயின. ஹேமா டாக்டரின் நம்பரைப் போனில் எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒரு மாலை, அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், பப்லுவுக்குக் கிட்னி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை அப்படியே முறத்தோடு தள்ளிவிட்டாள்.

"நாய்க்கி கிட்னி ஸ்கேனா? இந்த வூட்ல அந்தப் பேச்சே இனிமே வேணான்டி. ஒரே நாள்ல ரெண்டு புள்ளைங்கள உள்ள அனுப்சிட்டு வெளிய குந்திகினு இருந்தவ நானு. ஒரு கதவுல நீ, ஒரு கதவுல அவன். எந்தக் கதவப் பாக்கறதுன்னு தெரியாம நின்னேன். உங்க யாருக்காச்சும் தெரியுமா அது?"

எனக்குத் தெரியாதுதான். நான் மயக்கத்தில் இருந்தேன், நீயும் மயக்கத்தில் இருந்தாய். அன்றைக்கு முழு நினைவோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். இத்தனை வருடத்தில் நீயோ நானோ அவளை அதைப் பற்றிக் கேட்டோமா?

அதற்கு மறுநாள் பப்லு வாசல்படி ஏற முடியாமல் நின்றான். இரண்டே படி. முன்கால் இரண்டையும் வைத்தான், பின்கால் வரவில்லை. திரும்பவும் முயன்றான். பிறகு குரைக்காமல், முனகாமல், படியையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் உள்ளேயிருந்து வந்தபோது அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் தலைவாரி, நல்ல புடவை கட்டி, கையில் பையோடு வாசலில் நிற்கிறாள். "ஆட்டோ கூப்டு" என்றாள்.

"நீ எதுக்கும்மா?"

"நீ உள்ள போனா நான் வெளிய நிக்கணும்ல. எனுக்கு அதான வேல."

கிளினிக்கில் டாக்டருக்கு உதவிக்கு இருக்கும் பெண் அன்றைக்கு லீவு. ஹேமா டாக்டரே பப்லுவின் வயிற்றை மழித்தார், ஜெல் தடவினார். கறுப்பு வெள்ளைத் திரையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரைக்கொட்டை வடிவம் வந்தது, கிட்னி. அதை ஒட்டி அந்தச் சுரப்பி, இருக்கவேண்டியதைவிடத் தடித்திருக்கிறது என்று விரலால் காட்டினார். மறுபக்கத்துச் சுரப்பியும் அப்படியே. ஒரு பொத்தானை அழுத்தியதும் கிட்னிக்குள் சிவப்பும் நீலமுமாகக் கிளைகள் பரவின.

"சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்னு நெனச்சுக்காதீங்க. நம்ம பக்கம் வர்றது ஒரு கலர், விலகிப் போறது ஒரு கலர், அவ்வளவுதான்" என்றார். "எனக்கு வேண்டியது இந்தச் சின்னக் கிளையில ஓடறது. துடிக்கறப்போ எல்லாக் கிட்னிக்கும் ரத்தம் வரும். ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்த துடிப்பு வர்றதுக்குள்ள நடுவுல ஒரு ஓய்வு இருக்குல்ல, அப்பவும் ரத்தம் போய்ட்டே இருக்கணும். உள்ள சுருங்கி, இறுகிப்போன கிட்னின்னா அந்த நடுவுல வத்திடும்."

எனக்கு அது தையல்போலத் தெரிந்தது. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் நூல் அடியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் துணி பிடித்து நிற்கும்.

ஆனால் திரையில் ஒரு அலைகூட முழுதாக விழவில்லை. பப்லு இரைத்த இரைப்பில் வயிறு குலுங்கி, கிட்னி நழுவி நழுவிப் போனது. நான் பின்கால்களைப் பிடித்திருந்தேன். டாக்டரின் ஒரு கை கருவியில், ஒரு கை பொத்தானில். அவன் தலையை உதறி எழப் பார்த்தான். டாக்டர் கதவருகே நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வந்து தலையப் பிடிக்கிறீங்களா?"

வேண்டாம் டாக்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பையைக் கீழே வைத்தாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். வந்து, பப்லுவின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். உன்னைக் கொண்டுபோன கிருமி இந்த முகத்திலிருந்துதான் வந்தது என்று நம்பியவள், குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினாள்.

"இன்னாத்துக்குடா இப்பிடி இரைக்கிற? யாரு உன்ன இன்னா பண்ணிட்டாங்க? நான் கீறேன்ல. கம்முனு படு."

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், நினைவிருக்கிறதா? பப்லு வாயை மூடினான். மூக்கால் மட்டும் மூச்சுவிட்டான். அந்தக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் பிடித்துவிட்டார். திரையின் கீழே வரிசையாக அலைகள் விழுந்தன, கூடவே சத்தம் வந்தது. யாரோ சீராக ஊதி ஊதி விடுவதுபோல.

"இன்னாம்மா சத்தம் அது?" அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"கிட்னிக்குள்ள ரத்தம் ஓடற சத்தம்மா."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவனுக்கும் இப்பிடித்தான் கேட்டுதா?"

கேட்டது பாஸ்கர். ஆபரேஷனுக்குப் பிறகு என்னைச் சக்கர நாற்காலியில் உன்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார்களே, அப்போது உன் அடிவயிற்றில் கருவியை வைத்து இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க இந்தச் சத்தம். "உங்க கிட்னிதான் பேசுது" என்றார் நர்ஸ். நீ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய். தையல் வலிக்க வலிக்க நான் சிரித்தேன். வெளியே அம்மா இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"கேட்டுச்சும்மா. இதே மாதிரி."

அம்மா பப்லுவின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன்து? உன்துல எப்பிடி கேக்குது?"

நான் டாக்டரைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். நீ போனதிலிருந்து நான் என்னுடையதைப் பார்க்கவே போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வாசனை மூக்கில் ஏறினாலே திரும்பி வந்துவிடுவேன். அம்மாவுக்கு நான் வாயால் சொல்லவேண்டி இருக்கவில்லை.

டாக்டர் அலைகளை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார். நடுவில் ரத்தம் வற்றவில்லை, ஆனால் இருக்கவேண்டியதைவிடக் குறைவாகத்தான் ஓடுகிறது. வலதைவிட இடது மோசம். முழு அளவு மருந்தை ஒரேயடியாகக் கொடுத்தால் கிட்னி தாங்குமா என்று சொல்ல முடியாது. கொடுக்காமல் விட்டால் பிரஷர் ஏறி, அதே கிட்னியைத்தான் கெடுக்கும். கொஞ்சமாக ஆரம்பித்து, ரத்தம் பார்த்து, மறுபடி ஸ்கேன் பார்த்துப் போகலாம். "ரெண்டு பக்கமும் ரிஸ்க் இருக்கு மேடம். நீங்கதான் சொல்லணும்."

நான் பப்லுவின் வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆரம்பிம்மா" என்றாள் அம்மா.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் ஒரு காலையில் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தான். சோற்றைக் காட்டினேன், திரும்பவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. நாங்கள்தான் கொன்றுவிட்டோமோ என்று வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தேன், அவன் நடந்த அதே தடத்தில். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், ஊசி போட்டார், சில நாள் கழித்து இன்னும் குறைத்து ஆரம்பித்தார். அதிலிருந்து மெல்ல மெல்ல மாற்றம். ஒரு மாலை அம்மா வாளியை எட்டிப் பார்த்து, "ஏன்டி, காலைல ஊத்தன தண்ணி பாதி அப்பிடியே கீது" என்றாள். விலாவில் குட்டிநாய்க்கு இருப்பதுபோல மெத்து மெத்தென்று முடி முளைத்திருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். தொட்டால்தானே தெரியும்?

இன்றைய ஸ்கேனில் வலது கிட்னியில் ஓட்டம் நன்றாகவே கூடியிருக்கிறது. இடது அப்படியே இருக்கிறது. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இது எதிர்பார்த்ததுதான், இதற்குமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். "இது தீர்ந்துபோற வியாதி இல்ல மேடம். பாத்துகிட்டே இருக்கணும்." ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் அப்படியே. இதை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்படுவதா, வேண்டாமா? நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "ஒண்ணு ஓடுதுல்ல, போதும்க்கா" என்றிருப்பாயோ?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் அம்மா என்னைக் குரோம்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள், ஸ்டேஷன் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கு. ராதா நகர் ரயில்வே கேட்டில் ரயில் போகக் காத்து நின்றபோது திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் குழந்தை மாதிரி. உள்ளே யாரையும் விடமாட்டோம் என்றார்கள். அவள் காதில் வாங்காமல் வந்து கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அந்த டாக்டர் வயதானவர், அதிகம் பேசவில்லை. இருக்கிற ஒன்று நன்றாக வளர்ந்திருக்கிறது, இரண்டின் வேலையையும் அதுவே பார்க்கிறது என்றார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று முடித்துக்கொண்டு கருவியை எடுக்கப் போனார்.

"சத்தத்த வெய்யிப்பா" என்றாள் அம்மா.

"சத்தம் தேவையில்லம்மா. எல்லாம் ஸ்கிரீன்லயே தெரிஞ்சுடுச்சு."

"எனுக்குத் தெர்ல. சத்தத்த வெய்யி."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் ஒரு குமிழைத் திருப்பினார். வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் விளிம்பில் கையை ஊன்றி நின்றாள். வெளியே அடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை. அவள் கேட்டு முடிக்கும்வரை கருவியை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். "ம், ஓடுது" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

உன்னை எங்களிடம் கொடுத்த அன்று பெரிய டாக்டர் என் தலையில் கை வைத்து, "நீ குடுத்தது கடைசிவரைக்கும் நல்லா வேலை செஞ்சுதும்மா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது பொறுக்கவில்லை. அது வேலை செய்தது என்றால் நீ ஏன் போனாய்? நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உன்னோடு சேர்த்து அல்லவா எரித்துவிட்டு வந்தோம்? இந்தக் கேள்வியைத்தான் இத்தனை நாளும் வயிற்றில் வைத்துக்கொண்டு நடந்தேன் என்று நினைக்கிறேன். அம்மா அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது எனக்கு வேறு மாதிரி தோன்றியது. உனக்குக் கடைசி மூச்சுவரை நான் உள்ளே கூடவே இருந்திருக்கிறேன். அவ்வளவுதான். கேள்விக்குப் பதிலா இது என்று தெரியவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

பப்லு எழுந்துவிட்டான். அம்மா அவனைத் திட்டிக்கொண்டே வாசல்படியில் தூக்கிவிடுகிற சத்தம் கேட்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பப்லுவை இழுத்துப் பிடித்து வைக்கமாட்டேன். அவன் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாள் வந்தால், அவன் சொல்வதைக் கேட்பேன், மிஷினைக் கேட்கமாட்டேன். அதுவரை ஹேமா டாக்டர் வரச் சொல்கிற நாளெல்லாம் தூக்கிக்கொண்டு போவேன். என்னிடம் மிச்சம் இருப்பதையும் வருடம் தவறாமல் போய்க் காட்டுவேன், அம்மாவையும் கூடவே உள்ளே அழைத்துக்கொண்டு. அவள் கேட்கிறவரை சத்தத்தை நிறுத்தவேண்டாம் என்று சொல்வேன்.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
அமுதா அக்கா